ஆர்க்கே அக்காவின் விசாரணை

லிஃப்ற் வர இன்னும் கொஞ்ச நேரம் எடுக்குமாம். அதுவரை கதவுக்கு முன்னால் கிடக்கிற இந்த மரவாங்கில் உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இனி வாயால் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். எழுதுவதற்கு இந்தச் சபை இன்னும் தடை போடவில்லை. அது அவர்களுக்கு ஞாபகம் வருவதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

என் பெயர் செல்வரட்ணம். வீடு மோர்னிங்சைட்டில். வீட்டில் மனைவி தவமணியும் அவளுடைய நச்சரிப்பும் இருக்கின்றன. தொழில், புகலிடப் பரிசீலனைச் சபையில் மொழிபெயர்ப்பாளர். ஊரில் உயிருக்கு ஆபத்து என்று ஓடி வருகிறவர்கள் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்வேன். சபை ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் சொல்வேன். கடைசியில் சபை, வந்தவர் சொன்னது நம்பும்படியாக இல்லை என்று சொல்லும். அதையும் நான்தான் தமிழில் சொல்வேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. வந்தவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. சேர்ந்த புதிதில் ஒரு தாய், "என்ரை மகனைக் கண்ணுக்கு முன்னால சுட்டவங்கள்" என்றபோது, "இவருடைய மகனை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். சபை உறுப்பினர் விசாரணையை நிறுத்தினார். "மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் இந்த அறையில் இல்லை. என்னுடைய மகன் என்று சொல்லும்" என்றார். அன்றிலிருந்து ஆங்கிலத்தில் எனக்கு எத்தனையோ பிள்ளைகள் செத்துப் போனார்கள். ஆங்கிலத்தில் நான் காடுகளில் ஒளித்திருந்தேன், கப்பலின் அடித்தட்டில் வாந்தி எடுத்தேன், பல நாட்டுப் பொலிஸ் நிலையங்களில் அடி வாங்கினேன். தமிழில் எனக்கு நடந்ததெல்லாம், அண்ணன் ஸ்பொன்சர் செய்து விமானத்தில் வந்து இறங்கியதும், மார்க்கம் றோட்டில் ஒருமுறை பார்க்கிங் ரிக்கற் வாங்கியதும்தான். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பியுங்கோ என்று தவமணி வருடக் கணக்காகக் கத்தினாள். எனக்கென்ன அவசரம், நான் என்ன அகதியா என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

ஆர்க்கே அக்காவின் வழக்கு போன விண்டரில் என்னிடம் வந்தது. கிரேக்கத்துப் பெண்ணுக்கு எதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று நானும்தான் கேட்டேன். முதலில், கிரேக்கர்கள் நிறைய இருக்கிற டான்ஃபோர்த்தில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டார்களாம். அவர் கொஞ்சம் கேட்டுவிட்டு, இது கல்வெட்டில் இருக்கிற மொழி, இதைப் பேசுகிற ஆள் உயிரோடு இருக்கக் கூடாது என்று சொல்லி, நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அக்காவுக்குத் தெரிந்த மற்ற மொழி தமிழ்தான். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அப்பார்ட்மென்ரில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு இருந்து, அவர்களோடு சேர்ந்து ஒஃபிஸ்களைக் கூட்டித் துடைத்துப் பழகிய தமிழ்.

நல்ல உயரமான மனுஷி. யாரோ கொடுத்த ஆண்களின் ஜக்கெற் போட்டிருந்தார். கதிரையில் முதுகு படாமல் நுனியில் இருந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு. காலமை சாப்பிடேல்லையோ?"

கதையைச் சொன்னார். கடவுளர்களுக்குள் ஒரு பெரிய யுத்தம் நடந்ததாம். பழைய ஆட்சிக்காரர் டைட்டன்கள். அவர்களை விழுத்தி ஆட்சியைப் பிடித்தவன் ஜீயஸ். அக்காவும் அவருடைய தங்கச்சி ஐரிஸும் செய்தி காவும் சின்னத் தெய்வங்கள். இரண்டு பேருக்கும் சிறகு இருந்தது, தங்கச்சிக்கு வானவில்லும் இருந்தது. தங்கச்சி ஜீயஸின் பக்கம் நின்றாள். அக்கா டைட்டன்களுக்குச் செய்தி கொண்டு போனார். யுத்தம் முடிந்ததும் ஜீயஸ் அக்காவின் சிறகுகளைப் பிடுங்கி ஒரு கலியாண வீட்டுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு, ஆளை டார்ட்டரஸ் என்கிற பாதாளக் குழிக்குள் தள்ளிவிட்டான். அங்கிருந்து எப்படியோ ஏறித் தப்பி வந்திருக்கிறார்.

நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். நம்புவதற்கு எங்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் ஜக்கெற்றை இறக்கித் தோள்பட்டைக்குக் கீழே இருந்த இரண்டு தழும்புகளைக் காட்டினார். கிழித்த இடத்தில் சதை ஒழுங்காக மூடவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"திருப்பி அனுப்பினா அந்தக் குழிதான் தம்பி. அங்கை வெளிச்சம் எண்டு ஒரு சாமான் இல்லை. ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் மறந்து, பேந்து தங்களையும் மறந்துபோவினம்" என்றார். "என்னத்தையும் செய்யட்டும், அங்கை மட்டும் விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

விசாரணை தொடங்கியது. இந்தச் சபையில் எதுவும் சும்மா தொடங்குவதில்லை. தீர்ப்புச் சொல்கிற உறுப்பினர் ஹலட் எழுந்து நின்று, இந்த நிலம் எங்களுடையதல்ல, இங்கே முதலில் இருந்த மக்களுடையது, அதை நாங்கள் பணிவோடு நினைத்துப் பார்க்கிறோம் என்று வாசித்தார். பிறகு உட்கார்ந்து, "நீர் எந்த உரிமையில் இந்த நிலத்துக்குள் வந்தீர்?" என்று அக்காவைக் கேட்டார்.

அடுத்தது கண்ணீர் துடைக்கிற ரிஷூப் பெட்டி. "அழுகை வந்தால் பாவிக்கலாம். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று கேட்கப்படும். அளவுக்கு மேல் அழுதால் அதுவும் கேட்கப்படும்" என்றார். அதற்கடுத்தது தீ. "கட்டடம் தீப்பிடித்தால் எல்லோரும் வெளியேறவேண்டும். மனுதாரர் வெளியேறினால் வழக்கைக் கைவிட்டதாகக் கருதப்படும்."

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

"அப்ப நான் எரியவோ தம்பி?" என்று அக்கா கேட்டார்.

விதி விதிதானே. "அப்படியானால் நான் எரிவதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அது உமது சுதந்திரமான தெரிவு" என்றார் ஹலட், என்னைப் பார்த்து.

அக்காவின் வக்கீல் கணினித் திரையில் வந்தார். வந்த உடனேயே, வாய் பாதி திறந்தபடி, படம் உறைந்துவிட்டது. "ஆட்சேபம் உண்டா?" என்று ஹலட் ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்துக் கேட்பார். அந்த வாய் அப்படியே இருக்கும். "ஆட்சேபம் இல்லை" என்று பதிவாகும்.

அரசுத் தரப்பில் வந்திருந்தவன் மிதுசன். மல்வேனில் வளர்ந்த பிள்ளை, நல்ல சூட், நல்ல மணம். அவனுடைய தகப்பன் சீனித்தம்பி மட்டக்களப்பில் இருந்து அகதியாக வந்தபோது மொழிபெயர்த்தவனும் நான்தான். "என்ரை மனிசி வயித்தில பிள்ளையோட அங்க நிக்கிறா" என்று சீனித்தம்பி அழுதபோது, "என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னவன் நான். அந்த வயிற்றுக்குள் இருந்தவன்தான் இவன். ஆங்கிலத்தில் பார்த்தால் நான்தான் இவனுக்குத் தகப்பன்.

மிதுசன் எழும்பினான். "சிறகு இருந்ததற்கு என்ன ஆதாரம்?"

அக்கா தழும்பைக் காட்டினார். வைத்திய அறிக்கையைப் பார்த்த ஹலட், "சிறகு பிடுங்கப்பட்டதற்கும் பாரமான பெட்டி தூக்கியதற்கும் பொருந்தக்கூடிய தழும்பு" என்று வாசித்தார். "இரண்டில் எது நடக்கக்கூடியது என்று பார்த்தால், பெட்டி. மேலும், சிறகு உள்ள ஒருவர் ஆபத்து வந்தால் பறந்து போயிருப்பார். நீர் ஏன் பறக்கவில்லை?"

"அதைத்தானே முதல்ல பிடுங்கினவன்!" என்றார் அக்கா.

"பொலிசில் முறைப்பாடு செய்தீரா?"

"அங்கை பொலிஸ் அவன்தான்."

"அப்படியானால் நீதிமன்றம்?"

"அதுவும் அவன்தான்."

ஹலட் திருப்தியோடு தலையாட்டினார். "ஆக, அந்த நாட்டில் பொலிசும் நீதிமன்றமும் இயங்குகின்றன. மனுதாரர் அவற்றை நாடவில்லை." பிறகு இன்னொரு தாளை எடுத்தார். அந்த நாட்டின் இன்றைய நிலைமை பற்றிய அறிக்கை. எழுதியவர் ஐரிஸ். "உமது சொந்தச் சகோதரி. அதே தொழில். இரண்டு சிறகும் நலமாக உள்ளன. யுத்தம் முடிந்துவிட்டது, வானவில் வழமைபோல் வருகிறது, ஒருவரும் குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்."

"குறை சொல்லுற ஆக்கள் எல்லாரும் குழிக்குள்ள கிடக்கினம்" என்றார் அக்கா.

"எனவே குறை சொல்வோர் இல்லை என்பதை மனுதாரரும் ஏற்றுக்கொள்கிறார்" என்று ஹலட் எழுதிக்கொண்டார்.

அவர் அப்படிச் சொல்லவில்லை என்று கத்தவேண்டும் போல் இருந்தது. ஆனாலும் நான் அந்த அறையில் இல்லாத ஆள். மூச்சு விட்டால்கூட யாருடைய மூச்சு என்று கேட்பார்கள்.

மிதுசன் குரலைத் தணித்தான். "நீர் டைட்டன்களுக்குச் செய்தி கொண்டு சென்றீர். அது தடை செய்யப்பட்ட அமைப்பு. செய்திகளில் என்ன இருந்தது?"

"நாங்கள் பிரிச்சுப் பாக்கிறேல்லை. கொண்டுபோய்ச் சொல்லுறதோட எங்கட வேலை முடிஞ்சுது." அக்கா கொஞ்சம் யோசித்தார். "கடைசிச் செய்தி ஞாபகம் இருக்கு. வாயால சொல்லிவிட்டவை. சாப்பாடு முடிஞ்சுது, பிள்ளையளை முதல்ல வெளியால எடுங்கோ எண்டு."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மிதுசன் தன் பேனாவை மூடி வைத்தான்.

"உணவு வழங்கல், ஆட்களை நகர்த்தல்" என்றார் ஹலட். "போர் ஒழுங்கமைப்பு. அதை நீர்தான் கொண்டு சென்றீரா?"

அக்கா மேசையைப் பார்த்தார். எனக்கு முன்னால் இருந்த மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு தனக்கு முன்னால் இருந்த வெறும் மேசையைப் பார்த்தார்.

"தம்பி, உந்த மைக் உங்களுக்கு முன்னால மட்டும்தானே இருக்கு?"

"ஓம் அக்கா. ஆங்கிலத்தை மட்டும்தான் ரெக்கோட் பண்ணுவினம். தொடக்கத்தில இருந்தே அப்பிடித்தான், செலவு குறைவாம்."

"அப்ப நான் இனிக் கதைக்கேல்லை."

"ஏன்?"

"செய்தி சொல்லிவிட்டவையை ஜீயஸ் பேந்துதான் பிடிச்சவன். கொண்டு போன என்னிலதான் முதல்ல கை வைச்சவன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம்தான் வந்தது. ஹலட் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மொழிபெயர்ப்பாளர் புத்தி சொல்லக் கூடாது, ஆனால் அந்தக் குழிக்குள் இந்த மனுஷி திரும்பவும் போவதை என்னால் நினைக்க முடியவில்லை. "விசர்க்கதை கதைக்காதேங்கோ அக்கா. ஏதாவது சொல்லுங்கோ. சொல்லாட்டி கேஸ் தோத்திடுவியள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது பயம் என்று நினைத்தேன். அது இரக்கம். "சரி. உங்கட விருப்பம்" என்றார். "ஓம். நான்தான் கொண்டு போனன். குழியில இருந்து ஏறி வந்ததும் நான்தான்."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஆம். நான்தான் கொண்டு சென்றேன். குழியிலிருந்து தப்பி வந்ததும் நான்தான்" என்று, நல்ல தெளிவான ஆங்கிலத்தில், நான் சொன்னேன்.

ஹலட் அப்போதே தீர்ப்பைச் சொன்னார். "இந்தச் சபை கருணை உள்ள சபை. ஆனால் கருணை அளவோடுதான் உண்டு. அதை உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்காகச் சேமித்து வைத்திருக்கிறோம். இந்தக் கதிரையில் நான் இருந்த காலம் முழுவதும் அதில் ஒரு துளியைக்கூட நான் வீணாக்கியதில்லை." திரையில் இருந்த வக்கீலுக்கு ஆட்சேபம் இல்லை.

இரண்டு காவலாளிகள் அக்காவை லிஃப்றுக்குக் கூட்டிப் போனார்கள். விமான நிலையத்துக்கு வான் கீழே நிற்கும் என்று நினைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கதவு மூட முன்னர் அக்கா திரும்பி, "தம்பி, முதுகு கவனம்" என்றார். கதவுக்கு மேலே இருக்கிற விளக்கு ஒவ்வொரு தளமாக இறங்கியது. நிலத்தளம் வந்தது, கார் நிறுத்துகிற தளங்கள் வந்தன. அதற்குக் கீழே இந்தக் கட்டடத்தில் ஒன்றும் இல்லை. விளக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. நான் படியால் நடந்து வெளியே போய், பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். தவமணியிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று காலையில் சபையில் இருந்து கூப்பிட்டார்கள். வழமையான வேலை என்று நினைத்து, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தேன். என்னுடைய கதிரையில் புஸ்பராணி இருந்தாள். ரெக்ஸ்டேலில் இருந்து வருகிற பிள்ளை, என்னைப் போலவே மொழிபெயர்ப்பாளர். மத்தியானத்தில் அவளுடைய இடியப்பத்தில் பாதியை நான்தான் சாப்பிடுவேன்.

"என்ன அண்ணை, டியூட்டி மாறி வந்திட்டியளோ? இண்டைக்கு எனக்கல்லோ போட்டிருக்கு" என்று சிரித்தாள்.

ஹலட் எனக்கு மற்றக் கதிரையைக் காட்டினார். எழுந்து நின்று, நிலம் எங்களுடையதல்ல என்று வாசித்தார். ரிஷூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

மிதுசன் ஒலிப்பதிவைப் போட்டான். சபை புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறதாம். பழைய பதிவுகளைக் கேட்டு, எந்தக் குரல் யாருடையது, யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று தானாகவே சொல்லுமாம். அறை முழுவதும் என்னுடைய குரல் கேட்டது. "ஆம். நான்தான் கொண்டு சென்றேன். குழியிலிருந்து தப்பி வந்ததும் நான்தான்."

"இது உமது குரலா?" என்று ஹலட் கேட்டார்.

"என்னுடைய குரல்தான் ஐயா. ஆனால் கதை ஆர்க்கேயினுடையது. நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

"ஆங்கிலத்தில் பேசாதீர். பதிவில் உள்ள அதே குரல் என்பதை அது இன்னும் உறுதிப்படுத்துகிறது. உமது நன்மைக்காகத்தான் மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்கிறோம். தமிழில் பேசும்." குரலில் ஒரு கோபமும் இல்லை. "நான் எதைக் கண்டேன் என்பது சாட்சியமாகாது. சபை பதிவை மட்டுமே நம்பும். பதிவில் ஆர்க்கே என்று ஒருவர் பேசவே இல்லை. விசாரணைக்கு வராதவர் என்று அவருடைய வழக்கு கைவிடப்பட்டது."

"வராத ஆளையோ கீழ அனுப்பினனீங்கள்?" என்று தமிழில் கேட்டேன். புஸ்பராணி சொன்னாள்.

"அன்று சொன்ன தீர்ப்பு உமக்குரியது. தவறுதலாக இன்னொருவர் லிஃப்றில் ஏறிவிட்டார். நிர்வாகத் தவறு. அதற்காகச் சபை உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறது."

கொஞ்ச நேரம் இடைவேளை விட்டார்கள். மிதுசன் எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். "அங்கிள், ஐ ஃபீல் ஸோ பாட். பட் ப்ரொசெஸ் இஸ் ப்ரொசெஸ். ஒண்டும் பேர்சனலா எடுக்காதேங்கோ. அப்பா உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னவர்."

"தம்பி, எல்லாப் பழைய பதிவையும் மெஷினுக்குக் குடுக்கப் போகினமோ?"

"ஓ யெஸ். நெக்ஸ்ற் நைன்ரீஸ் ஃபைல்ஸ்."

தொண்ணூறுகளில் நடந்த அவன் தகப்பனுடைய வழக்கும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பதிவிலும் ஒரு குரல்தான் இருக்கும், அது என்னுடையது. சீனித்தம்பி என்று ஒருவர் இந்தச் சபைக்கு வந்ததே இல்லை என்று மெஷின் சொல்லும். அப்படியானால் இவன் யாருடைய பிள்ளையாக இந்த நாட்டுக்குள் வந்தான்? சொல்ல வாயெடுத்தேன். அவன் தன் ரையைச் சரி செய்துகொண்டிருந்தான். பாவம், நேற்றுத்தான் தைத்தது போன்ற சூட். நான் சொல்லவில்லை.

திரும்பவும் தொடங்கினார்கள். "நீர் டைட்டன்களின் செய்தியை இந்தச் சபைக்குக் கொண்டு வந்தீரா?" என்று ஹலட் கேட்டார்.

புஸ்பராணி அதைத் தமிழில் சொன்னாள். பதிலுக்கு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் மைக், மைக்கில் சிவப்பு விளக்கு. எனக்கு முன்னால் வெறும் மேசை.

எனக்குத் தோள்பட்டை இரண்டும் நொந்தன. ஓம் என்று நான் சொன்னால் "நான் கொண்டு வந்தேன்" என்று அவளுடைய குரல் சொல்லும். இல்லை என்று முழுக் கதையையும் விளக்கினால், அந்தக் குழியையும் சிறகையும் பசித்த பிள்ளைகளையும் அவளுடைய குரல் "நான், நான்" என்று சொல்லும். இன்னொரு நாளைக்கு, இன்னொரு காலையில், அவள் இடியப்பப் பெட்டியோடு வந்து இந்தக் கதிரையில் இருப்பாள். அவளுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள்.

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஹலட் மணிக்கூட்டைப் பார்த்தார். புஸ்பராணி மைக்கைக் கையால் மறைத்துக்கொண்டு என் பக்கம் சரிந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஐயோ அண்ணை, விசர் வேலை பாக்காதேங்கோ. ஏதாவது சொல்லுங்கோ. சொல்லாட்டி கேஸ் தோத்திடுவியள்."

அப்போதுதான் ஆர்க்கே அக்கா என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு விளங்கியது. நானும் புஸ்பராணியை அப்படித்தான் பார்த்திருக்கவேண்டும். அவள் பயந்துபோனாள். மௌனம் சம்மதமாகப் பதிவானது. அவளை வெளியே அனுப்பினார்கள். என்னை எந்த நாட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, ஹலட் தானாகவே சொன்னார். "நீர் டார்ட்டரஸில் இருந்து வந்ததாக உமது வாயாலேயே சொல்லியிருக்கிறீர்."

இவ்வளவுதான். விளக்கு கீழே இருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தாள்களை யாரிடமும் கொடுத்துவிட மாட்டேன். கொடுத்தால் அதைக் கொண்டு போகிறவரைப் பிடிப்பார்கள். இந்த வாங்குக்கு அடியில் செருகிவிட்டுப் போகிறேன். யாராவது கண்டெடுத்தால் தவமணிக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். நான் நிரப்பாமல் விட்ட பிரஜாவுரிமை விண்ணப்பம் அலுமாரி மேல்தட்டில் இருக்கிறது, அதை அவள் பார்க்காமல் இருந்தால் நல்லது, பார்த்தால் என்னை ஏசி ஏசியே செத்துவிடுவாள்.

இன்னொன்று. வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் மனதுக்குள் வாசியுங்கள். எத்தனை இடத்தில் "நான்" என்று எழுதியிருக்கிறேன் என்று பார்த்தீர்கள்தானே. தயவுசெய்து சத்தமாக வாசிக்கவேண்டாம்.